மார்க்கர் கறை: மையைப் பார்க்கும் முன் மேற்பூச்சைப் பாருங்கள்

பெங்களூருவில் வாடகை வீட்டைக் காலி செய்யும் நாள் நெருங்கும்போது, வீட்டு உரிமையாளர் பொருத்தித் தந்த அலமாரிக் கதவிலும் சமையலறை ஷட்டரிலும் பிள்ளைகள் இழுத்துவைத்த மார்க்கர் கோடுகள் திடீரென்று பெரிதாகத் தெரியத் தொடங்கும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுங்காலம் வழக்கமாக இருந்த ஊர் இது. இப்போது பல இடங்களில் அந்தத் தொகை குறைந்திருக்கிறது என்றாலும், பெயிண்ட்டுக்கு இவ்வளவு, மரவேலைக்கு இவ்வளவு என்று அதில் பிடித்துக்கொள்ளும் வழக்கம் குறையவில்லை. சொந்த வீடாக இருந்தால் கவலை வேறு வகையானது. ஊரிலிருந்து கொண்டுவந்த தாத்தா காலத்துத் தேக்கு மேசையில் விழுந்த கோட்டுக்கு யாரும் பணம் பிடிக்கமாட்டார்கள். ஆனால் அதைத் துடைக்கப்போய் மேசையின் பாலிஷே பெயர்ந்துவிட்டால், அதற்கு ஆகும் செலவு அட்வான்ஸில் பிடிப்பதைவிட அதிகமாக இருக்கக்கூடும்.

மார்க்கர் மையைக் கரைப்பது உண்மையில் கடினமான வேலை அன்று. மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டே பெரும்பாலான மைகளைக் கரைத்துவிடும். ஆனால் மையைக் கரைக்கும் அதே ஸ்பிரிட் சில வகை மேற்பூச்சுகளையும் கரைக்கும் என்பதால், கறை எதனால் ஆனது என்று கேட்பதைவிட, கறை எதன்மேல் இருக்கிறது என்று கேட்பதே முதல் வேலை. வீட்டுக் குறிப்புகள் பலவும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்து நேராக சானிடைசருக்கும் பற்பசைக்கும் போய்விடுகின்றன. ஒரு வீட்டில் அற்புதமாக வேலை செய்த குறிப்பு அடுத்த வீட்டில் மேசையைக் கெடுத்துவிடுவது இதனால்தான்.

மை எந்த வகை

ஈரப் பஞ்சு ஒன்றைக் கறையின் ஓரத்தில் சில விநாடிகள் வைத்து எடுத்தால் பாதி விடை கிடைத்துவிடும். பஞ்சில் நிறம் ஏறினால் அது நீரில் கரையும் மை; ஸ்கெட்ச் பேனாவும் ஹைலைட்டரும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு சொட்டும் இதற்குப் போதும். ஸ்பிரிட் தேவையில்லை.

நிறம் ஏறாவிட்டால் அது பெர்மனன்ட் மார்க்கராக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் மையில் மூன்று பொருள்கள் இருக்கின்றன: நிறம், ஆல்கஹால் போன்ற ஒரு கரைப்பான், நிறத்தைப் பரப்போடு பிணைக்கும் பிசின். எழுதிய உடனே கரைப்பான் ஆவியாகிவிடுகிறது. பிசினும் நிறமும் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தப் பிசின் தண்ணீரில் கரையாது என்பதால்தான் சோப்பு நீரால் எவ்வளவு தேய்த்தாலும் பயன் இருப்பதில்லை. போன கரைப்பானைத் திரும்பக் கொடுத்தால் மை மறுபடியும் இளகும். ஸ்பிரிட் செய்வது இவ்வளவுதான்.

ஒயிட்போர்டு மார்க்கரிலும் ஆல்கஹால் உண்டு. ஆனால் மை பரப்பில் ஒட்டாமல் உரிந்துவர உதவும் எண்ணெய்த்தன்மையுள்ள பொருள் அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே கண்ணாடி, வழவழப்பான சன்மைக்கா போன்ற நீர் உறிஞ்சாத பரப்புகளில், பழைய பெர்மனன்ட் கோட்டின்மேல் ஒயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி, ஈரம் காய்வதற்குள் துணியால் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும். இது வெறும் தந்திரம் அல்ல. மேலே சொன்ன கணக்குப்படிதான் நடக்கிறது. ஆனால் மரத்திலோ துணியிலோ இதைச் செய்தால் கறைக்குமேல் இன்னொரு கறைதான் மிஞ்சும்.

பெயிண்ட் மார்க்கர் என்பது தனி இனம். கோடு தடிப்பாக, விரலுக்குத் தட்டுப்படும்படி மேடாக இருக்கும். இதற்கு ஸ்பிரிட் பலன் தருவது அரிது. பெரும்பாலும் டர்பன்டைனோ தின்னரோ தேவைப்படும். தின்னர் வீட்டுச் சாமான்களில் பலவற்றைக் கெடுக்கும் என்பதால், கண்ணாடி தவிர மற்றவற்றில் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

மேற்பூச்சை அறியும் வழி

மரச்சாமானைத் திருப்பி, கண்ணுக்குப் படாத ஓரிடத்தைத் தேர்ந்தெடுங்கள். இழுப்பறையின் உட்பக்கமோ மேசையின் அடிவிளிம்போ போதும். காது குடையும் பட்ஸை ஸ்பிரிட்டில் தொட்டு அங்கே வைத்து, அரை நிமிடம் கழித்து விரலால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று வெல்லப்பாகுபோல ஒட்டினாலோ, பட்ஸில் பழுப்பு நிறம் ஏறினாலோ அது அரக்குப் பாலிஷ். ஆசாரிகள் ஸ்பிரிட் பாலிஷ் என்றும் ஃப்ரெஞ்ச் பாலிஷ் என்றும் சொல்வது இதைத்தான். அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அதைப் போட்டிருப்பார்கள் என்பதால், ஸ்பிரிட் பட்டவுடன் அது மறுபடியும் கரைவதில் வியப்பில்லை. பழைய தேக்கு, ஈட்டி மரச்சாமான்களில் இதையே அதிகம் காணலாம்.

ஸ்பிரிட்டுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் மெலமைன் பாலிஷாகவோ பியூ (பாலியூரிதேன்) பாலிஷாகவோ இருக்கக்கூடும். இவை கெட்டிப்பட்ட பிறகு ஆல்கஹாலுக்கு எளிதில் இளகா. இடைப்பட்டது ஒன்று உண்டு: என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். இது ஸ்பிரிட்டுக்குக் கொஞ்சம் மங்கும், தின்னருக்கும், நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் இருக்கும் அசிட்டோனுக்கும் முழுமையாகக் கரையும்.

பெங்களூருவில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். மைசூரு சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சன்னபட்டணத்திலிருந்து வாங்கிய குழந்தை நாற்காலி, முக்காலி, தொட்டில் ஆகியவை இந்த ஊரில் பல வீடுகளில் இருக்கின்றன. அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, நிறமேற்றிய அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். ஆகவே அந்தச் சிவப்பும் மஞ்சளும் பெயிண்ட் அல்ல, அரக்கு. அதன்மேல் விழுந்த மார்க்கர் கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால் கோட்டோடு சேர்ந்து நிறமும் பஞ்சில் வந்துவிடும். குழந்தை கிறுக்கும் முதல் இடமே குழந்தையின் நாற்காலிதான் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சன்மைக்கா

இன்றைய அடுக்குமாடி வீடுகளில் அலமாரி, கட்டில் தலைப்பலகை, டிவி யூனிட் என்று பெரும்பகுதி பிளைவுட்டின்மேல் ஒட்டிய லாமினேட்தான். எந்தக் கம்பெனித் தகடாக இருந்தாலும் அதைச் சன்மைக்கா என்றே அழைக்கிறோம். காகித அடுக்குகளைப் பிசினில் ஊறவைத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டிப்படுத்திய தகடு இது. மேல்பக்கம் மெலமைன் பிசினால் ஆனது என்பதால் ஸ்பிரிட்டுக்கு அசையாது. கறை எடுப்பதற்கு இதைவிட எளிதான பரப்பு வீட்டில் கண்ணாடி மட்டுமே.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்து, கோட்டின்மேல் 10 முதல் 20 விநாடிகள் வரை அழுத்திப் பிடியுங்கள். பிறகு கோட்டின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். வெளிப்புறமாகத் துடைத்தால் கரைந்த மை சுற்றிலும் பரவி மங்கலான வளையமாக நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் பஞ்சின் சுத்தமான பக்கத்தைத் திருப்பிக்கொள்வதும், அழுக்கேறிய பஞ்சைத் தயங்காமல் எறிந்துவிட்டுப் புதிதாக எடுப்பதும், எந்த ஸ்பிரிட் சிறந்தது என்று தேடுவதைவிட அதிகப் பலன் தரும். மை போன பிறகு சோப்பு நீரில் நனைத்த துணியால் ஒருமுறையும், வெறும் நீரால் ஒருமுறையும் துடைத்து, உடனே உலர்த்துங்கள்.

கடைசியாகத் துடைக்கும் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. போர்வெல் நீரோ டேங்கர் நீரோ வரும் அடுக்குமாடிகளில் அது பெரும்பாலும் உப்பு நீராகவே இருக்கும். கறுப்பு, அடர்பழுப்புச் சன்மைக்காவில் அது காய்ந்தால் வெள்ளைத் திட்டுகள் தெரியும். கறை போகவில்லை என்று நினைத்து மறுபடியும் தேய்ப்பவர்கள் பலர் தேய்ப்பது இந்த உப்பைத்தான். ஆர்.ஓ. வடிகட்டியில் பிடித்த நீரில் ஒரு டம்ளர் இதற்குப் போதும்.

மர ரேகை போலச் சொரசொரப்பாக அமைந்த மேட் சன்மைக்காவில், மை பள்ளங்களில் தங்கிவிடும். அங்கே பஞ்சு எட்டாது. மென்மையான பழைய டூத் பிரஷை ஸ்பிரிட்டில் தொட்டு ரேகையின் போக்கிலேயே தேய்த்து, உடனுக்குடன் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பலகையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் பட்டை பிளாஸ்டிக். அதன் அடியில் பசை இருக்கிறது. அந்த இடத்தில் ஸ்பிரிட் வழிந்து உள்ளே இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அசிட்டோனை அருகில் கொண்டுபோகவே வேண்டாம்.

மாடுலர் கிச்சனில் கண்ணாடிபோல மின்னும் ஷட்டர்கள் சன்மைக்கா அல்லாமல் அக்ரிலிக்காக இருக்கலாம். அசிட்டோன் அக்ரிலிக்கைக் கரைக்கும். ஸ்பிரிட்கூட அதில் மயிரிழை போன்ற நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கக்கூடும். எனவே முதலில் சோப்பு நீர், பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு மெல்லிய துணியால் நிதானமாகத் துடைப்பது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, மீதியைக் கிச்சன் போட்டவரிடம் கேட்பது உத்தமம்.

பாலிஷ் போட்ட மரம்

மெலமைன் அல்லது பியூ பாலிஷ் என்று உறுதியானால், ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி நீர் கலந்து, சன்மைக்காவுக்குச் சொன்ன முறையிலேயே செய்யலாம். ஆனால் அழுத்திப் பிடித்து வைப்பது கூடாது. தொட்டுத் துடைத்து, உலரவிட்டு, மறுபடியும் தொடுவதுதான் சரி. மரத்தின் ரேகை எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் கை போக வேண்டும். பாலிஷ் முழுமையாக இருக்கும் இடத்தில் மை மரத்தைத் தொட்டிருக்கவே முடியாது, பாலிஷின்மேல்தான் கிடக்கும். ஆகவே கறை எடுபடாமல் முரண்டு பிடித்தால், அந்த இடத்தில் பாலிஷ் ஏற்கெனவே தேய்ந்தோ வெடித்தோ இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அரக்குப் பாலிஷுக்கு வழி வேறு. ஆல்கஹால் வாசனையுள்ள எதையும், சானிடைசர், ஒயிட்போர்டு மார்க்கர், வாசனைத் தைலம், டெட்டால் உட்பட, அதனருகில் கொண்டுபோகக் கூடாது. அரக்கு டர்பன்டைனில் கரையாது என்பதால், பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனைத் துணியில் தொட்டு முதலில் முயலலாம். பெர்மனன்ட் மை அதில் அரைகுறையாகத்தான் இளகும். மீதியை எடுக்க வெள்ளைப் பற்பசையைப் பட்டாணி அளவு எடுத்து, ஈரமான மெல்லிய துணியால் ரேகையின் போக்கில் மெதுவாகத் தேய்க்கலாம். ஜெல் பற்பசை இதற்குப் பயன்படாது. பற்பசை மையைக் கரைப்பதில்லை. அதிலுள்ள மிக நுண்ணிய பொடி, மையையும் அதன் அடியில் உள்ள பாலிஷின் மெல்லிய மேல்தோலையும் சேர்த்துத் தேய்த்து எடுக்கிறது. அதனால் அந்த இடம் சற்று மங்கித்தான் நிற்கும். ஒரு சிறு மங்கல் கறுப்புக் கோட்டைவிட மேல் என்று தோன்றினால் மட்டும் இதில் இறங்குங்கள். ஈரத்தை நெடுநேரம் நிற்கவும் விடாதீர்கள். அரக்கின்மேல் நீர் தங்கினால் வெள்ளை பூக்கும்.

பாலிஷே இல்லாத பச்சை மரத்தில் மை நார்களுக்குள் இறங்கியிருக்கும். ஸ்பிரிட் ஊற்றினால் அது இன்னும் ஆழமாகப் போகும். அங்கே உப்புத்தாள்தான் வழி: 150 எண் தாளில் தொடங்கி 220 எண் தாளில் முடிக்கலாம். ஆனால் தேய்க்கத் தொடங்குமுன் அது திண்மரம்தானா என்று பலகையின் விளிம்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பிளைவுட்டின்மேல் ஒட்டிய வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் உள்ளது. நாலு இழுப்பில் அது தேய்ந்து அடியில் உள்ள பலகை பல்லிளிக்கும்.

சோபா

துணிச் சோபாவில் உறையைக் கழற்ற ஜிப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேலை பாதி முடிந்தது. உறையைக் கழற்றி, கறையுள்ள பக்கம் கீழாக வருமாறு பழைய வெள்ளைத் துணியின்மேல் விரித்து, பின்பக்கத்திலிருந்து ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினால், மை வந்த வழியே அடித்துணிக்கு இறங்கும். அடித்துணியை அடிக்கடி நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கழற்ற முடியாத உறை என்றால் மேலிருந்துதான் ஒற்ற வேண்டும். அப்போது ஒரே நேரத்தில் நிறைய ஊற்றினால் மை ஃபோமுக்குள் இறங்கி, உலர்ந்த பிறகு மீண்டும் மேலே ஏறி வரும். எந்த நிலையிலும் தேய்க்காதீர்கள், ஹேர் டிரையர் காட்டாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். சூடு பட்ட மையை எடுப்பது மிகவும் கடினம்.

கம்பெனிச் சோபாக்களில் இருக்கைக்கு அடியில் ஒரு சீட்டுத் தைத்திருப்பார்கள். அதில் டபிள்யூ என்றிருந்தால் நீர் சார்ந்த சுத்திகரிப்பு மட்டும், எஸ் என்றிருந்தால் ஸ்பிரிட் போன்ற கரைப்பான் மட்டும், இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் ஏற்கும், எக்ஸ் என்றிருந்தால் வேக்குவம் தவிர எதுவும் கூடாது என்று பொருள். சிவாஜிநகர்ப் பக்கம் துணி வாங்கிக் கொடுத்துத் தைத்த சோபாவில் இந்தச் சீட்டு இருக்காது. துணியின் மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் தொட்டு, சாயம் கழல்கிறதா என்று பார்ப்பதுதான் ஒரே சோதனை.

ரெக்ஸினைப் பொறுத்தவரை காலம்தான் எதிரி. அதன் மேல்படலமான மென்மையாக்கப்பட்ட பிளாஸ்டிக்குக்குள் நிறம் நாளாக நாளாக ஊறி இறங்கும். அன்றைய கோடு ஸ்பிரிட் தொட்ட பஞ்சில் வந்துவிடும். மாதக்கணக்கில் கிடந்த கோடு நிழலாகவாவது நிற்கும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஸ்பிரிட் தொட்ட இடத்தை உடனே சோப்பு நீரால் துடைக்காவிட்டால் ரெக்ஸின் விறைத்து வெடிக்கும். உண்மையான தோல் சோபாவாக இருந்தால், ஒரு சொட்டு நீரை விட்டுப் பாருங்கள். நீர் உள்ளே உறிஞ்சப்பட்டால் அது மேற்பூச்சில்லாத தோல்; நீங்கள் எதையும் செய்யாமல் தோல் சுத்தம் செய்பவரிடம் விடுவதே சிக்கனம்.

பிளாஸ்டிக் நாற்காலி, கண்ணாடி மேசை, இரும்பு பீரோ ஆகியவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட்டும் பஞ்சும் போதும். வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் மங்கலான சாயல் மிஞ்சினால் சில நாள் பால்கனி வெயிலில் போட்டுவையுங்கள், பல நிறங்கள் வெயிலுக்கு வெளுத்துவிடும். பழைய பீரோவின் எனாமல் பெயிண்ட்டில் தின்னர் படக் கூடாது.

கைக்கு எட்டும் புட்டிகள்

2020-க்குப் பிறகு சானிடைசர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதில் ஆல்கஹால் இருப்பதால் கறையையும் எடுக்கும். கூழாக இருப்பதால் அலமாரிக் கதவுபோல நிமிர்ந்த பரப்பில் வழியாமல் நிற்பது அதன் வசதி. அதே குணம்தான் மரத்தில் ஆபத்து: ஸ்பிரிட் சில நொடிகளில் ஆவியாகும் இடத்தில், கூழ் நெடுநேரம் பாலிஷை நனைத்துக்கொண்டே இருக்கும். சன்மைக்காவுக்குச் சரி, பாலிஷ் மரத்துக்கு வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் பெரும்பாலும் அசிட்டோனோ அதைப் போன்ற வலுவான கரைப்பானோ இருக்கும். கண்ணாடியைத் தவிர வேறெதற்கும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். நீலகிரித் தைலம் மெதுவாக வேலை செய்யும், ஆனால் சன்மைக்காவிலும் உலோகத்திலும் நன்றாகவே எடுக்கும். மேஜிக் ஸ்பான்ஞ் என்று விற்கும் வெள்ளை நுரைக்கட்டி மெலமைன் நுரையால் ஆனது. தொடுவதற்கு மென்மையாக இருந்தாலும் அது மிக நுண்ணிய உப்புத்தாள்தான், பளபளப்பான பரப்பை மங்கவைக்கும்.

ஸ்பிரிட்டும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, பூஜை விளக்கும் ஊதுபத்தியும் கேஸ் அடுப்பும் அணைந்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். பிளீச்சிங் திரவத்தை ஸ்பிரிட்டோடோ அசிட்டோனோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரோஃபார்ம் உள்ளிட்ட நச்சுப் பொருள்கள் உண்டாகும். நனைந்த பஞ்சுகளை பால்கனியில் உலரவிட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

எல்லாம் செய்தும் கோடு நிற்கிறது, அல்லது கோடு போய் மங்கல் நிற்கிறது என்றால் பாலிஷ் போடுபவரை அழைக்க வேண்டியதுதான். அரக்குப் பாலிஷில் இது சிறிய வேலை. புதுப் பூச்சிலுள்ள ஸ்பிரிட் பழையதை இளக்கி இரண்டும் ஒன்றாகிவிடுவதால், கெட்ட இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். பியூ பாலிஷில் புதுப் பூச்சு பழையதோடு அப்படிக் கலப்பதில்லை. ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க வேண்டுமானால் பெரும்பாலும் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்துப் போட வேண்டிவரும், கூலியும் அதற்கேற்ப ஏறும். அவர் வருவதற்குள் மங்கலை மறைக்க நினைத்து, கடையில் விற்கும் பளபளப்பு ஸ்ப்ரேயை அடித்துவைக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் சிலிக்கோன் இருக்கிறது. அது படிந்த இடத்தில் புதுப் பாலிஷ் பரவாமல் சிறு சிறு குழிகளாக விலகி நிற்கும். ஏற்கெனவே அடித்திருந்தால், வேலை தொடங்குமுன் அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.